ஆலோசகரை அமர்த்துமுன் தாலுகா நிருபரைக் கணக்கெடுங்கள்

பெறுநர்: செய்தி மக்கள் தொடர்புத் துறை, தமிழ்நாடு அரசு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள், ஊடக வளர்ச்சிக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் நிதி ஒதுக்கும் அமைப்புகள்.

வணக்கம்.

பத்திரிகைச் சுதந்திரச் சீர்திருத்தத்துக்கு ஆலோசகர் தேவை என்று வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதுநிலைப் பட்டம், 15 ஆண்டு அனுபவம், பன்னாட்டுப் பணி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறன். இந்த நான்கும் உள்ள ஒருவர், பென்னாகரத்து நிருபர் ஒரு செய்திக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளாமலே பணியை முடித்து, பணத்தையும் பெற்றுவிட முடியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணி வரையறையில் அந்தக் கேள்வி இல்லை. கேட்காததற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அப்படி ஒரு பணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தால், பணி வரையறையைத் தாலுகாவிலிருந்து மேல்நோக்கி எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. எப்படி எழுதலாம், எங்கே சறுக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் வழக்கமாகப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான உலகத் தரவரிசை வரும். 2025இல் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151ஆம் இடம். அந்த எண் உண்மைதான். ஆனால் பாலக்கோட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்குப் பதிலாக யுனெஸ்கோ 2008இல் வெளியிட்ட ஊடக வளர்ச்சிக் குறியீடுகளின் ஐந்து தலைப்புகளை எடுத்துக்கொள்ளலாம்: சட்டச் சூழல், பன்மையும் உடைமையும், மக்கள் விவாதத்துக்கான இடம், தொழில் திறன், உள்கட்டமைப்பு. நாட்டு அளவுக்கென வகுத்தவை என்றாலும் மாவட்ட அளவுக்குச் சுருக்கினால் நன்றாகப் பொருந்தும். 'உடைமை' என்ற தலைப்பில் மட்டும் இங்கே ஒரு துணைக் கேள்வி சேர்க்க வேண்டும்: செய்தி எழுதுபவரும் விளம்பரம் பிடிப்பவரும் ஒரே ஆளா?

பெரும்பாலும் ஒரே ஆள்தான். தாலுகா நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வண்டி, பெட்ரோல், போன் எல்லாம் சொந்தச் செலவு. கையில் ஓர் அடையாள அட்டை இருக்கும், பணி நியமனக் கடிதம் இருக்காது. தலைவர் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் விளம்பரம் கொண்டுவர வேண்டும். அந்த விளம்பரத்தைத் தருபவர் உள்ளூர் ஒப்பந்தக்காரர், குவாரி உரிமையாளர், கட்சி நிர்வாகி. அடுத்த மாதம் அவரைப் பற்றியே செய்தி எழுத வேண்டி வரும். பத்திரிகைச் சுதந்திரம் இந்த இடத்தில்தான் முதலில் குறைகிறது. காவல் நிலையமோ நீதிமன்றமோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சட்டம் இவரை மறந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே பகுதி நேரமாகப் பணியாற்றுபவரையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்றுதான் வரையறுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அந்த வரையறையைக் காட்சி ஊடகத்துக்கும் டிஜிட்டல் ஊடகத்துக்கும் விரித்தன. பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. சிக்கல் இரண்டு சொற்களில் இருக்கிறது: 'முதன்மைத் தொழில்'. செய்தி வருமானம் போதாமல் காப்பீட்டு முகவராகவோ கடைக்காரராகவோ விவசாயியாகவோ இருப்பவரின் முதன்மைத் தொழில் இதழியல்தான் என்று எப்படி நிரூபிப்பது? நிரூபிக்காவிட்டால் ஊதியச் சட்டம் இல்லை, அரசு அங்கீகார அட்டை இல்லை, பத்திரிகையாளர் நல வாரியத்தின் உதவியும் எட்டாது. ஆலோசகர் குழுவில் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. தருமபுரியில் 7 வட்டங்கள், கிருஷ்ணகிரியில் 8. வட்டத்துக்கு 2 நாள் வைத்தால் 30 களநாள், தொகுக்க 8 நாள். மக்கள் தொடர்பு அலுவலரின் வாட்ஸ்அப் குழுவை எடுத்து எண்ணிவிட்டு முடித்தோம் என்று சொல்லும் தவறு இங்கே எளிதாக நடக்கும். அந்தக் குழுவில் அலுவலகம் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே இருப்பார்கள். பத்திரிகை முகவர்கள், உள்ளூர் கேபிள் சேனல்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுதித் தருபவர்கள் ஆகிய நான்கு தரப்பிலும் கேட்டுச் சரிபார்த்தால்தான் பட்டியல் நிறையும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கன்னடம், தெலுங்கு, உருது இதழ்களுக்குச் செய்தி அனுப்புபவர்கள் தமிழ்ப் பட்டியல் எதிலும் வரமாட்டார்கள். அவர்களுக்கென மொழி தெரிந்த ஒருவருக்கு 20 ஆள்நாள் ஒதுக்குங்கள். பெண் செய்தியாளர்களைத் தனியே எண்ணுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாகத்தான் வரும். அந்தக் குறைவே ஒரு கண்டுபிடிப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் வரையறையில் ஊதியமின்றி வேலை செய்பவரும், ஒப்பந்தக்காரர் வழியாக வருபவரும் அடக்கம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இதைக் களத்தில் இருக்கும் பெண்களிடம் சொல்வதும் கணக்கெடுப்பவரின் வேலையாக இருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் ஓர் ஆபத்தும் உண்டு. யார் யார் எங்கே எழுதுகிறார்கள், யாருக்கு என்ன வருமானம் என்ற விவரம் ஒரே கோப்பில் இருந்தால், அதை வேறு யாராவது கேட்கும் நாள் வரும். பெயர் ஒரு தாளிலும் விவரம் இன்னொரு தாளிலும், இரண்டையும் இணைக்கும் எண் மூன்றாவது இடத்திலும் இருக்க வேண்டும். துறைக்குத் தரும் பிரதியில் பெயரே இருக்கக் கூடாது. பணி முடிந்து 90 நாளில் பெயர்த்தாளை அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, ஆலோசகர் எதை உருவாக்கித் தர வேண்டும் என்ற கேள்வி. அறிக்கை கேட்டால் அறிக்கை வரும், அதற்கு அலமாரியில் இடம் இருக்கிறது. மாவட்ட அளவில் கையெழுத்துப் போடக்கூடிய ஆணைகளின் வரைவுகளைக் கேளுங்கள்.

முதல் வரைவு, காவல் கண்காணிப்பாளர் வெளியிடக்கூடிய சுற்றறிக்கை. செய்தி ஆதாரத்தை வெளியிடாமல் காக்கும் உரிமை நம் நாட்டில் பொதுச் சட்டமாக இல்லை. சட்ட ஆணையம் 1983இல் தன் 93ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மன்றத்தின் முன் மட்டும் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மகாராஷ்டிரத்திலும் சத்தீஸ்கரிலும் உள்ளதுபோல் செய்தியாளர் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. எனவே நடைமுறையில் நிருபரின் போனை எடுத்தால் அவருடைய ஆதாரங்கள் எல்லாம் போயின. செய்தியாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்ய நெறிமுறை வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சுற்றறிக்கை சட்டத்தைத் திருத்த முடியாது. சட்டம் ஏற்கெனவே சொன்னதைச் செய்யவைக்க முடியும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94ஆவது பிரிவின்படி ஆவணம் கேட்டால் எழுத்தில் கேட்பது, 105ஆவது பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்வது, மகஜரில் (பறிமுதல் பட்டியலில்) கருவியின் வரிசை எண்ணையும் நகலெடுத்த தரவின் ஹேஷ் மதிப்பையும் (தரவு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறிப்பது, மகஜர் நகலை அங்கேயே தருவது. கூடுதலாக ஒன்று கேட்கிறோம். நிருபரின் கருவியை எடுக்குமுன் துணைக் கண்காணிப்பாளரின் எழுத்து ஒப்புதல் இருக்க வேண்டும். ஹேஷ் மதிப்பைப் பதியாவிட்டால் பிறகு தரவில் எது கூடியது, எது குறைந்தது என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இது காவல் துறைக்கும் நல்லதல்ல.

அவதூறு வழக்குக்கும் இதே வரைவில் ஓர் இணைப்பு வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 356ஆவது பிரிவில் அவதூறு இன்னும் குற்றமாகத்தான் இருக்கிறது. அரசுத் தரப்பில் பத்திரிகை ஆசிரியர்கள்மேல் தொடுத்த அவதூறு வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. பெரிய பத்திரிகையால் அதற்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. அரூரில் இருப்பவரால் முடியாது. அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த முதல் வாரத்திலேயே உதவி வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்குரைஞர் பட்டியலில் ஊடகச் சட்டம் தெரிந்த இருவரைச் சேர்க்க வரைவு எழுதினால் போதும், புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது வரைவு, ஆட்சியர் வெளியிட வேண்டிய குறிப்பாணை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவின் கீழ் ஒவ்வொரு அலுவலகமும் 17 வகை விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும். பல அலுவலகங்களில் அவை பழையதாகவே கிடக்கின்றன. காரணம் எளியது. மனுவுக்குப் பதில் தராத தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தானே வெளியிட வேண்டியதை வெளியிடாததற்கு அப்படி நேரடி அபராதம் இல்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தகவல் ஆணையங்கள் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இரு மாவட்டங்களிலும் 20 அலுவலகங்களைத் தேர்ந்தெடுத்து, 17 வகையில் எத்தனை இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினார்கள் என்று ஆலோசகர் அட்டவணை தயாரிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே அட்டவணையை மறுபடி நிரப்பட்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் உள்ள தனிநபர் தகவல் விலக்கை மாற்றிவிட்டது. பழைய பிரிவிலேயே இருந்த பொதுநலச் சோதனை இப்போது அதில் இல்லை. ஆனால் 8(2) அப்படியேதான் இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல், மானியப் பயனாளிகள் பட்டியல் போன்றவற்றைப் பெயர் இருக்கிறது என்று மறுக்கும் பழக்கம் வேர் பிடிக்குமுன், 8(2)ஐ எப்படிப் பயன்படுத்துவது என்று தகவல் அலுவலர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தருவது இந்தப் பணியில் மிகப் பயனுள்ள பக்கங்களாக இருக்கும்.

மூன்றாவதாக, 'போலி நிருபர்' பிரச்சினை. யார் உண்மையான நிருபர் என்று வரையறுத்துத் தாருங்கள் என ஆலோசகருக்குக் கட்டாயம் அழுத்தம் வரும், எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமிருந்தே வரும். அதைச் செய்யச் சொல்லாதீர்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் கருத்துரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. நிருபர் பட்டியலை அரசு வைத்திருந்தால், பிடிக்காதவர் பெயரை நீக்குவது ஒரு கையெழுத்து வேலை. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம், அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவு இருக்கிறது, வழக்குப் பதியட்டும். அங்கீகார அட்டை என்பது இடம் குறைவாக உள்ள நிகழ்ச்சிக்கு அனுமதி தருவதற்கு மட்டுமே. அதன் விதிகளையும், மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டிய கடமையையும் வெளியிட்டால் போதும்.

நிதி அமைப்புகளுக்கு ஒரு சொல். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் 3ஆவது பிரிவு, பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. உள்ளூர் நிருபர்களுக்கு உதவித்தொகை, சிறு இதழ்களுக்கு மானியம் என்று வேறு நாடுகளில் எழுதிய திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால், பணத்தை வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார். நிதி எங்கிருந்து வருகிறது, அது யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று பணி வரையறையின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேர்வு முறைக்கு வருகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. தரத்துக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று வாங்கும் இரண்டு உறை முறையில் தரத்துக்கும் விலைக்கும் என்ன விகிதம் வைக்கிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. முதல் குழுவின் தர மதிப்பெண் 88, விலை 40 லட்சம். இரண்டாம் குழு 70, விலை 24 லட்சம். விலை மதிப்பெண்ணில் இரண்டாம் குழுவுக்கு 100, முதல் குழுவுக்கு 60. பாதிக்குப் பாதி வைத்தால் முதல் குழு 74, இரண்டாம் குழு 85. 70:30 வைத்தால் 79.6க்கு 79; யாரோ ஒருவர் தரத்தில் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டாலும் முடிவு புரளும். 80:20 வைத்தால் 82.4க்கு 76. சாலை போடும் வேலையில் அளவு கண்ணுக்குத் தெரியும், விலைக்கு முன்னிடம் தரலாம். இந்த வேலையில் மலிவான ஆள் என்றால் களத்துக்குப் போகாத ஆள். 80:20 வையுங்கள், தரத்தில் 75க்குக் கீழே போனால் விலை உறையைத் திறக்காதீர்கள். விலையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா என்பதையும் தெளிவாக்குங்கள். ஒருவர் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் போட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

தர மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: மாவட்ட, தாலுகா அளவில் செய்திப் பணி அனுபவம் 30, ஊடகச் சட்டத்தில் வழக்காடிய அனுபவம் 25, வேலை முறை 20, மொழிகள் 15, முன்பு எழுதித் தந்த ஆணை வரைவுகளின் மாதிரி 10. பட்டத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம்.

உறையில் ஒரு பெரிய பெயர் இருக்கும், வேலைக்கு வருபவர் வேறொருவராக இருப்பார். இதைத் தடுக்க, முக்கிய மூவரையும் நேர்காணலுக்கு நேரில் வரச் சொல்லுங்கள். ஆள் மாற்றுவதாக இருந்தால் அதே மதிப்பெண் பெறக்கூடியவரைத்தான் தர வேண்டும், உங்கள் எழுத்து ஒப்புதலுக்குப் பிறகுதான் மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். கட்சிக்கோ அரசுக்கோ விளம்பரப் பரப்புரை செய்து தந்த நிறுவனங்கள், பத்திரிகை உரிமையாளர்களின் சங்கங்கள் ஆகியோர் கடந்த மூன்றாண்டுத் தொடர்பைச் சொல்ல வேண்டும். உரிமையாளர் தரப்பு ஆள் ஊதியக் கணக்கெடுப்பு நடத்தினால் நிருபர் வாய் திறக்க மாட்டார்.

பணம் தரும் முறையும் வேலையின் போக்கை மாற்றும். தொடக்க அறிக்கைக்கு 30, இடைக்கால அறிக்கைக்கு 40, இறுதி அறிக்கைக்கு 30 என்று பிரித்தால் மூன்று அறிக்கைகள் வரும். நாங்கள் சொல்வது: தொடக்கத்தில் 10, கணக்கெடுப்பைச் சரிபார்த்த பின் 25, ஆணை வரைவுகள் அலுவலகத்தில் சேர்ந்து ந.க. எண் (கோப்பு எண்) பெற்ற பின் 30, பயிற்சி முடிந்து மறுமதிப்பீடும் ஆன பின் 20, ஆறு மாதம் கழித்து 15. ஆணையில் கையெழுத்து விழுந்தால்தான் பணம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். கையெழுத்து ஆலோசகர் கையில் இல்லை. அப்படி வைத்தால் அதிகாரி மறுக்காத அளவுக்கு நீர்த்துப்போன வரைவைத்தான் எழுதுவார். கோப்பு எண் போதும். அந்த எண் இருந்தால் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம்.

பயிற்சி ஓசூர் விடுதியில் இரண்டு நாள் நடந்தால் வருபவர்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகர்க்காரர்கள். தாலுகா செய்தி மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்; திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 10 முதல் 1 மணி வரை, வட்டத் தலைமையிடத்திலேயே, ஒரு தடவைக்கு 12 பேருக்கு மேல் போகாமல். வட்டத்துக்கு 3 அமர்வு என்றால் 45 அமர்வு. வந்தவருக்கு அன்றைய செய்தி வருமானம் போகிறது. பயணப்படியோடு அந்த இழப்புக்கும் தொகை வையுங்கள்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதையும், அதை எங்கே எடுப்பது என்பதையும் காட்ட வேண்டும். குடிநீர்ப் பரிசோதனைத் தாளைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (தண்ணீரில் ஃபுளோரைடு மிகுவதால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பு இருக்கும் மாவட்டத்தில், ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவும் 1.5 என்ற உச்ச அளவும் நிருபருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, அதாவது பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடத் தடை, தனி அமர்வாக வேண்டும். குழந்தையின் பெயரைப் போடாமல் ஊர், வகுப்பு, அப்பாவின் தொழில் மூன்றையும் போடுவதே இங்கே நடக்கும் தவறு. சித்தேரி மலையில் ஒரு சிற்றூர்ப் பெயரோடு 'ஆறாம் வகுப்பு மாணவி' என்று எழுதினாலே எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

செய்தியைப் பாதுகாத்து வைப்பதையும் பாடத்தில் சேருங்கள். அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடி மக்கள்மேல் அரசு ஊழியர்கள் நடத்திய வன்கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். 215 பேர் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பது ஆண்டு நீளும் ஒரு வழக்கைத் தொடர, குறிப்பேடும் படமும் ஒலிப்பதிவும் தேதியோடு யாரிடமாவது இருக்க வேண்டும். போன் மாற்றும்போதே பாதிப் படங்கள் தொலைந்துவிடுகின்றன. ஒரு தாலுகாவுக்கு இரண்டு வன்தட்டு, ஆளுக்கு ஒரு குறிப்பேட்டு முறை, மாதம் ஒருமுறை நகலெடுக்கும் பழக்கம். இதற்கு ஆகும் செலவு மொத்த ஒப்பந்தத்தில் மிகச் சிறியது. அதனாலேயே எப்போதும் விட்டுப்போகிறது.

அறிக்கையின் மூலம் தமிழில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் சுருக்கம் போதும்; கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் பத்துப் பக்கச் சுருக்கம் வேண்டும். ஏற்றுக்கொண்ட 30 நாளில் இணையத்தில் வெளியிடுங்கள்.

விலைப்புள்ளிக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தைச் சென்னையில் மட்டும் நடத்தாமல் தருமபுரியில் ஒன்றும் ஓசூரில் ஒன்றும் நடத்துங்கள். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைத் தமிழிலும் தாருங்கள். கேள்விகளுக்கு 10 நாள், அதற்குப் பிறகு உறை சேர்க்க 21 நாள் விடுங்கள். அந்த இரண்டு கூட்டங்களுக்கும் நாங்கள் வருகிறோம். வட்டவாரியாக யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரத்தைத் தேர்வாகும் குழுவிடம், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, நேரில் தருகிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்தியாளர்களும் வழக்குரைஞர்களும் சிலர்